கிளிப்பச்சைப் புடவையில் ஒரு போட்டோ

செப்டம்பர் 11, புதன். உறையூர்

கூட்டுறவு வங்கி கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து கல்லாவுக்கு அடியில் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்ததற்குக் காரணம் என் மகள் தாரிணி. "பாங்காக் போறேல்லம்மா, தினம் நாலு போட்டோ அனுப்பு. ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் காட்டணும்" என்று கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து நச்சரிக்கிறாள். எனக்கும் போட்டோவுக்கும் ஆகாது. கல்யாண ஆல்பத்திலேயே அத்தனை படத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். திறந்திருந்தால் பக்கத்தில் நின்ற மனுஷனை ஒழுங்காகப் பார்த்திருப்பேன். அதனால் டைரி எழுதுகிறேன், வந்து படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பாங்காக்குக்குக் கூப்பிட்டது பத்மினி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நாலு வருஷமாக மாதம் ஒருமுறை போய்வருகிறாள். ஊரில் இதற்குக் குருவி வேலை என்று பெயர். இங்கிருந்து சும்மா பறந்துபோய், அங்கே யாரோ கொடுக்கிற சாமானைச் சொந்தச் சாமான் மாதிரி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, இங்கே இன்னொருவரிடம் கொடுப்பது. டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் அனுப்புகிறவர் பொறுப்பு.

நான் குருவியாகப் போகவில்லை. அதை முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன். எதிரே ஏசி போட்ட பெரிய கடை வந்ததிலிருந்து சுகந்தி ஃபேன்சி ஸ்டோரில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு யாரிடமும் இல்லாத மாடலாக நாலு கொண்டுவந்து தொங்கவிடாவிட்டால் பொங்கலுக்குள் சாவியைக் கட்டிடக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். தாரிணிக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு இருக்கிறது.

"எங்கூட வாடி. எங்களை அனுப்புற பாஸ்கர்கிட்ட சொல்லி உனக்கும் டிக்கெட் போடச் சொல்றேன். உன் பெட்டியில உன் சாமான் மட்டும் வச்சுக்க. கிளிப்பு, வளையல், என்ன வேணா அள்ளிக்க" என்றாள்.

"எனக்கு எதுக்குடி அவரு ஓசியில டிக்கெட் போடணும்?"

"நான் சொன்னா போடுவாரு."

கர்ப்பப்பை எடுத்தபோது பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் பத்மி. எனக்குத் தலை சீவிப் பின்னிவிட்டவள். அவள் கூப்பிட்டு நான் போகாமல் இருப்பேனா?

கிளம்பும்போது ஒன்று கேட்டாள். "நீ ஒரு ரெண்டு மாசம் ஊர்ல இல்லேன்னா தாரிணி சமாளிச்சுக்குவாளா?"

"எட்டு நாள்தானேடி?"

"சும்மா கேட்டேன்" என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன். பாங்காக்

ஒன்பது பேர் வந்தோம். விமான நிலையத்துக்குள் யாரும் யாரோடும் பேசக்கூடாதாம். ஒரே வேனில் தோளோடு தோள் இடித்து வந்தவர்கள் வாசல் தாண்டியதும் அந்நியர்களாகிவிட்டோம். வரிசையில் என் முன்னால் நின்ற பத்மி, என்னிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டது.

பாஸ்கரை இங்கே அறை வாசலில்தான் பார்த்தேன். கழுத்தில் ருத்ராட்சம், நெற்றியில் விபூதி. தன்னைவிடச் சிறியவர்களையும் அக்கா என்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவங்கதானா?" என்று கேட்டார். பத்மி தலையை ஆட்டினாள். "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா. ஊரைச் சுத்திப் பாருங்க" என்றார். மரியாதையான மனிதர்.

பிரதுநாம் பக்கம் ஒரு சந்தில் அறை. நானூற்று ஏழு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டிடத்துச் சமையல்காரர் முகம் கழுவுவது தெரிகிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

சாம்பெங் போனோம். நம் சின்னக் கடைவீதியை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து நசுக்கினால் சாம்பெங். அந்த இடுக்கில் மனிதர்கள், தள்ளுவண்டி, மோட்டார் பைக், கருவாடு விற்கிற கிழவி எல்லாரும் போகிறார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பேரம் பேச வாய் தேவையில்லை. கடைக்காரி கால்குலேட்டரில் ஒரு எண்ணை அடித்து நீட்டுகிறாள். நான் வாங்கி அழித்து வேறு எண் அடித்து நீட்டுகிறேன். அவள் நெஞ்சில் கை வைத்துச் செத்துப்போகிற மாதிரி நடிக்கிறாள். நானும் கிளம்புகிற மாதிரி நடிக்கிறேன். உறையூரிலும் இதே நாடகம்தான், வசனம் மட்டும் அதிகம். தீபாவளிக்கு என்னென்ன தொங்கும் என்று கண்ணுக்குள் ஓடியது. முத்து வைத்த நண்டு கிளிப், வெல்வெட் ரிப்பன், பூனைக்காது ஹேர்பேண்ட். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டி.

கட்டிக்கொடுத்த பெண்ணின் கையைப் பார்க்க வேண்டும். ரோஸ் பிளாஸ்டிக் கயிறை இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, நுனியைத் திருகிக் கயிறுக்கு அடியிலேயே செருகிவிடுகிறாள். முடிச்சே இல்லை, ஆனால் அவிழாது. செலோ டேப்பைத் தொடவே இல்லை. இருபது வருஷமாகப் பார்சல் பிரிக்கிற எனக்கே இது புதிது. ஊருக்குப் போனதும் பழக வேண்டும்.

பத்மி எதையும் வாங்கவில்லை. எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள், குடை பிடித்தாள், பெட்டிகளைத் தூக்கினாள். "மகாராணி மாதிரி பாத்துக்கிறியே" என்றேன். குடையை இன்னும் என் பக்கம் சாய்த்தாள்.

செப்டம்பர் 14, சனி

இன்று கிளாங் தோம் என்ற இடத்துப் பழைய சாமான் சந்தை. பத்மி அதைத் திருட்டுச் சந்தை என்கிறாள். எல்லாமே திருட்டு இல்லை, எது திருட்டு என்று யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். தார்ப்பாயில் பரப்பியிருக்கிறார்கள். ஒற்றைச் செருப்பு, பல் செட், ஓடாத கடிகாரம், ரிமோட் மட்டும் ஒரு கூடை. ஒருவர் பழைய போட்டோ ஆல்பங்களை விற்கிறார். யாரோ ஒரு குடும்பம் கடற்கரையில் நின்று பல் தெரியச் சிரிக்கிறது. தங்கள் படம் இப்படி யார் யார் கைக்கெல்லாம் போகும் என்று எடுக்கும்போது அவர்களுக்குத் தெரியாது. பார்க்கப் பாவமாக இருந்தது, மூடிவைத்துவிட்டேன்.

திரும்பும்போது பசி. எங்கள் சந்து முனையில் இட்லி விற்கிற அம்மாள் இருக்கிறாள். பெயர் சாந்தகுமாரி, ராமநாதபுரத்துக்காரி. குடையை நட்டு, கேஸ் அடுப்பை வைத்து, குருவிகளுக்குச் சோறு போடுகிறாள். போலீஸ் வந்தால் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போய்விடுவாளாம். சாம்பாரில் முருங்கைக்காய் போட்டிருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மொதத் தடவையா?" என்று கேட்டாள்.

"ஆமா. ஃப்ரெண்டோட வந்தேன்."

சாந்தகுமாரி பத்மியைப் பார்த்தாள். பத்மி கை கழுவ எழுந்துபோனாள். தட்டில் இரண்டு இட்லி அப்படியே இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

கால் வீக்கம். பத்மி தைலம் தேய்த்துவிட்டாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

இன்று பார்த்ததைத் தாரிணியிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

ஒரு துணிக்கடைக்குப் பின்னால் படி ஏறினோம். மூன்றாவது மாடியில் இரும்பு ஷட்டர். பத்மி இரண்டு தட்டு தட்டினாள். உள்ளே ஹால் நிறையக் கைப்பை, பெரிய பெரிய கம்பெனிகளின் மாடல். ஆனால் ஒன்றிலும் பெயர் இல்லை. பெயர்த் தகடெல்லாம் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. நாம் பையைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் தகட்டை எடுத்து அழுத்துகிறார்கள். சோதனை வந்தால் பெயரில்லாத பைக்கு யாரும் கேஸ் போட முடியாதாம். கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன்.

அப்போது கீழே யாரோ விசில் அடித்தார்கள். வரிசையாக ஷட்டர்கள் இறங்கின. விளக்கை அணைத்தார்கள். பட்டப்பகல் பதினொரு மணிக்குக் கும்மிருட்டு. நாங்கள் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பயம் கொஞ்சம், சிரிப்பு நிறைய. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சருக்குப் பயந்து மாடிப்படி அடியில் ஒளிந்தது ஞாபகம் வந்தது.

பத்மி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லிட்டிருந்தது.

"சுகந்தி."

"என்னடி?"

"நான் ஒண்ணு சொன்னா என்னைய அடிக்க மாட்டியே?"

"சொல்லு."

அதற்குள் ஷட்டர் ஏறியது, வெளிச்சம் வந்தது. "ஒண்ணுமில்ல, உன் கால் வீக்கம் எப்படி இருக்குன்னு கேக்க வந்தேன்" என்றாள்.

அவளுக்கு இந்த வேலை அலுத்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்திருப்பாள். ஊருக்குப் போனதும் என் கடையிலேயே வந்து உட்காரச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் இருந்தால் எனக்கும் துணை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பத்மி எனக்கு இரண்டு பரிசு கொடுத்தாள். ஒன்று, சக்கரம் வைத்த கருநீலப் பெட்டி. "உன் பழைய பெட்டி ஊர் போறதுக்குள்ள வாயைப் பொளந்துரும்" என்றாள். நியாயம்தான், பழையதை அங்கேயே தூக்கி எறிந்துவிட்டோம். இன்னொன்று, கிளிப்பச்சை ஜார்ஜெட் புடவை. கண்ணைப் பறிக்கிற பச்சை. நான் எந்தக் காலத்தில் இந்த நிறம் உடுத்தினேன்?

"ஊருக்குப் போறப்ப இதைத்தான் கட்டணும். மாத்தக் கூடாது, சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

பிறகு இந்த டைரியை வாங்கி, கீழே ஒரு எண்ணைத் தானே எழுதினாள். திருச்சி வக்கீலாம். "எதாவது ஒண்ணுன்னா இவருக்கு உடனே போன் பண்ணு. நல்ல மனுஷன், ரெண்டே நாள்ல ஆள வெளிய எடுத்துருவாரு."

"எனக்கு எதுக்குடி வக்கீலு? கிளிப்புக்கா?"

"வெளியூர் வந்தா எல்லா நம்பரும் வச்சுக்கணும்" என்றாள். அனுபவசாலி சொல்கிறாள், வைத்துக்கொண்டேன்.

ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசினாள். தண்ணீரை இப்படி வீணாக்குகிறாளே என்று இருந்தது.

செப்டம்பர் 18, புதன்

சாந்தகுமாரி வேண்டாததையெல்லாம் பேசுகிறாள்.

மத்தியானம் பத்மி தூங்கிவிட்டாள் என்று தனியாகச் சாப்பிடப் போனேன். கூட்டமில்லை. சாந்தகுமாரி ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒங்களுக்குத்தான் முறையா?" என்றாள்.

"என்ன முறை?"

"அதுவும் சொல்லலையா?" என்று கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "இந்தக் குருவிக் கூட்டத்துல ஒவ்வொரு நடைக்கும் ஒரு ஆள விட்டுக் குடுப்பாக. அவுக வர்ற நேரம், கட்டியிருக்கிற துணி, பெட்டி நெறம், எல்லாத்தையும் பேரு சொல்லாமத் துப்புக் குடுத்துருவாக. அதிகாரிக சரியாத்தானே புடிப்பாக? அந்த ஒரு ஆள நிப்பாட்டிச் சோதனை போடுற நேரத்துல மத்தவுக சத்தமில்லாம வெளிய போயிருவாக. பெரிய பொருளெல்லாம் அவுகட்ட. மாட்டுறவுகட்ட சின்னதா எதாச்சும் இருக்கும்."

"மாட்டுறவங்க எப்படிச் சம்மதிப்பாங்க?"

"முறை வச்சுத்தேன். இந்த மாசம் இவுக, அடுத்து அவுக. கேசை அனுப்புறவுக பாத்துக்கிருவாக. முறை வந்தவுகளுக்குப் போக மனசில்லேன்னா ஒரு வழி இருக்கு. பதிலுக்கு ஒரு புது ஆளக் கூட்டியாந்து விட்ரலாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரவுக அப்பிடித்தேன் போனாக. கேசு அஞ்சு வருசம் இழுத்துச்சு. பள்ளிக்கூடத்துல பியூன் வேலை, அதுவும் போச்சு. இப்ப வீட்டை விட்டு வெளிய வர்றதில்ல, யாரு மொகத்தையும் பாக்குறதில்ல. கூட்டிட்டுப் போனது யாரு தெரியுமா? அவுக கூடப் பொறந்த தம்பி." அடுப்பைத் தணித்தாள். "போறன்னைக்குப் போட்டோ எடுப்பாக. அது எல்லாத்துக்கும் உண்டு, அங்கிட்டுச் சாமான் வாங்குறவன் அடையாளம் பாக்க. முறைக்காரவுக போட்டோ மட்டும் இன்னொரு எடத்துக்கும் போகும். அம்புட்டுத்தேன் வித்தியாசம்."

எனக்குக் கோபம் வந்தது. "என் ஃப்ரெண்டு அப்படிப்பட்டவ இல்ல. எனக்கு ஆபரேஷன் ஆனப்ப பதினோரு நாள் தரையில படுத்தவ" என்றேன்.

"நான் அவுகளச் சொல்லல ஆத்தா. பொதுவாச் சொன்னேன்" என்றாள். எழுந்துபோய்த் தட்டுக் கழுவினாள்.

தாமே ஏமாந்தவர்களுக்கு ஊரில் எல்லாரும் ஏமாற்றுக்காரர்களாகத்தான் தெரிவார்கள். அறைக்கு வந்தேன். பத்மி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, அதே ஆறாம் வகுப்பு முகம்தான். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 19, வியாழன். காலை, அறை

பத்மியும் மற்றவர்களும் முதல் வேனில் போய்விட்டார்கள். எனக்கு இரண்டாவது வேன், தனியாக. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் நான் குளிக்கப் போனபோது பத்மி என் பெட்டியை அடுக்கிவிட்டாள். "நீ அடுக்கினா பாதி எடம் வீணாப் போகும்" என்றாள். பூட்டி, சாவியைக் கையில் கொடுத்தாள்.

காலையில் கிளிப்பச்சையைக் கட்டினேன். மடிப்பை அவள்தான் சரிசெய்தாள், தோளில் பின் குத்தினாள். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நிற்கவைத்து, "ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றாள். எல்லாரையும்தான் எடுத்தார்கள். பாஸ்கர் கீழே வராந்தாவில் ஒவ்வொருவராக நிறுத்தி எடுத்தார், நான் ஜன்னலில் பார்த்தேன். எல்லாரையும் எடுப்பதுதானே வழக்கம். என்னை மட்டும் பத்மி எடுத்தாள், தோழி என்பதால்.

"சிரிடி" என்றாள்.

எனக்கு வரவில்லை. "கணக்கு டீச்சர் கொண்டை அவுந்து விழுந்துச்சே, அதை நெனச்சுக்க" என்றாள். சிரித்துவிட்டேன். கண் மூடாமல் விழுந்த முதல் படம் இதுவாகத்தான் இருக்கும்.

போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் இப்படிச் செய்ததில்லை. நாங்கள் கட்டிக்கொள்கிற ரகம் இல்லை.

அவள் போனதும் பெட்டியைத் திறந்தேன். சும்மாதான். பூனைக்காது நசுங்கியிருக்குமோ என்று.

உள்ளே பதினான்கு அட்டைப்பெட்டி இருந்தது.

பன்னிரண்டில் ரோஸ் கயிறு, இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, நுனி உள்ளே செருகியிருக்கிறது. அடியில் இருந்த இரண்டில் அதே ரோஸ் கயிறுதான், ஆனால் நம் ஊர் முடிச்சு. ஓரத்தில் செலோ டேப். கையில் எடுத்தால் கிளிப்பின் கனம் இல்லை. கிளிப் பெட்டியை இருபது வருஷமாகத் தூக்குகிறவளுக்கு இது தெரியாதா? பத்மிக்கு அந்தக் கடைப்பெண் கட்டிய விதத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. வியாபாரம் செய்தவளாக இருந்தால் பார்த்திருப்பாள்.

பிரிக்கவில்லை. என்ன இருந்தால் எனக்கென்ன.

கீழே சந்தில் விற்கிற கோடு போட்ட பிளாஸ்டிக் பை இரண்டு வாங்கிவந்தேன். என்னுடைய பன்னிரண்டையும் துணிகளையும் அதில் மாற்றிவிட்டேன். அந்த இரண்டையும் கருநீலப் பெட்டிக்குள்ளேயே வைத்து, அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். பெட்டியின் சக்கரம் ஒன்று கீச்சென்று சத்தம் போட்டது. அதனால்தான் விட்டுவிட்டுப் போகிறேன்.

புடவையை மாற்றவில்லை. மாற்றியிருக்கலாம். பழைய சுங்குடி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. மாற்றினால் சாந்தகுமாரி சொன்னதை நம்பிவிட்டேன் என்று ஆகும். நான் நம்பவில்லை. பத்மியிடம் சத்தியம் வேறு செய்திருக்கிறேன்.

வேன் ஹாரன் கேட்கிறது.

செப்டம்பர் 20, வெள்ளி. உறையூர்

நேற்று எழுத முடியவில்லை.

திருச்சியில் இறங்கியபோது மாலை நாலு மணி. பெல்ட்டில் என் கோடு போட்ட பை இரண்டும் வந்தன. எதிர்ப்பக்கம் பத்மி நின்றாள், யாரோ போல. நான் அந்தப் பைகளைத் தூக்கியதைப் பார்த்தாள். அவள் கண் என்னைத் தாண்டி, பெல்ட்டில் கருநீலத்தைத் தேடியது. ஒரு சுற்று தேடியது, இரண்டு சுற்று தேடியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை, அவள் பெட்டியும் கருநீலமாக இருக்கலாம் என்றது.

நாலடி நடந்ததும் ஒரு பெண் அதிகாரி, "அம்மா, இந்தப் பக்கம் வாங்க" என்றார். சின்ன வயசு, சத்தம் போடவில்லை, மேஜையைக் காட்டினார். இரண்டு பேர் என் பைகளைப் பிரித்தார்கள். பெட்டி பெட்டியாகக் கயிற்றை அறுத்து, மேஜை முழுவதும் நண்டு கிளிப்பையும் ரிப்பனையும் பரப்பினார்கள். பூனைக்காது ஹேர்பேண்டை ஒருவர் இரண்டு பக்கமும் வளைத்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"உங்க நீலப் பெட்டி எங்க?"

"அப்படி ஒண்ணும் கொண்டு வரலைங்க."

"ரெண்டு டப்பா இருக்கணுமே? இங்க தடை பண்ணின பேட்டரி சிகரெட்?"

எத்தனை டப்பா என்றுகூடச் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெண் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். கொஞ்சம் குழம்பிப்போய், "இது நீங்கதானே?" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

நான்தான். ஜன்னல் வெளிச்சம், கிளிப்பச்சைப் புடவை, தோளில் பின். கண் மூடவில்லை. கணக்கு டீச்சரின் கொண்டையை நினைத்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா விழுந்திருக்கு" என்றார் அந்தப் பெண். கேலியாகச் சொல்லவில்லை. சொல்ல வேறு ஒன்றும் இல்லாமல் சொன்னார்.

எனக்கு நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது, கை வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி. கம்பி எண்ணியிருப்பேன், கடை போயிருக்கும், தாரிணி படிப்பு நின்றிருக்கும். அதெல்லாம் பிறகுதான் தோன்றியது. அந்த நேரத்தில் அந்தச் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. என்னைச் சிரிக்கவைக்க எது சொல்ல வேண்டும் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அதை இதற்குச் செலவழித்துவிட்டாள்.

மேஜைக்குப் பின்னால் அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாஸ்கரின் ருத்ராட்சம் போனது. பத்மி கடைசியாக வந்தாள்.

"கூட யாராவது வந்தாங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

பத்மி அதைக் கேட்டாள். எங்களுக்கு நடுவே ஆறடி இருக்கும். அவள் கால் நின்றது. நான் கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதும், அத்தனை பேரும் அங்கேயே மாட்டியிருப்பார்கள்.

"இல்லைங்க. தனியாத்தான் வந்தேன்" என்றேன்.

கிளிப்புக்கு வரி கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அறுத்த கயிறுகளையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பெரிய மனசு என்றெல்லாம் இல்லை. அவளைத் தெரியும் என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

பத்மி கடைக்கு வந்தாள். நான் கிளிப்பைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் மாட்டுவதை நிறுத்தவில்லை.

"என் முறைடி" என்றாள்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"முடிச்சு சொல்லுச்சு."

அவளுக்குப் புரியவில்லை. "ரெண்டே நாள்ல வெளிய எடுத்துருவேன்னு நெனச்சேன். வக்கீல்கிட்ட முன்னாடியே பேசி வச்சிருந்தேன். சத்தியமா. உனக்குப் போய் நான் கெட்டது நெனைப்பேனா?" என்று அழுதாள். அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய்யாக அழுதிருந்தால் வெளியே போடி என்று சொல்லியிருப்பேன்.

"இருட்டுல கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொல்றேன்னியே. அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு நெனைக்கிற?"

"திட்டியிருப்ப. போயிருப்ப."

"எனக்கு முறைன்னு நீ கேட்டிருந்தா, உனக்காக நானே பெட்டியைத் தூக்கிட்டு வந்திருந்தாலும் வந்திருப்பேன். பதினோரு நாள் படுத்தவ நீ. சிரிடின்னு சொன்னியே, அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியல."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள், "நீ மாட்டல. அதனால முறை இன்னும் என்கிட்டதான் இருக்கு. அடுத்த நடை நான்தான் போகணும்னு பாஸ்கர் சொல்லிட்டாரு." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

கல்லாவைத் திறந்து இந்த டைரியை எடுத்தேன். பதினேழாம் தேதிப் பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்தில் இருந்த எண்ணை, ஓரமாகக் கிழித்து அவளிடம் கொடுத்தேன்.

"நல்ல மனுஷனாம். ரெண்டே நாள்ல ஆள வெளிய எடுத்துருவாராம்" என்றேன்.

வாங்கிக்கொண்டு போனாள். போன பிறகு கம்பியில் மாட்டும்போது நண்டு கிளிப் ஒன்றை உடைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

பூஜை விடுமுறைக்குத் தாரிணி வந்திருக்கிறாள். கடையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பூனைக்காது எல்லாம் தீர்ந்துவிட்டது. முத்துக் கிளிப் இன்னும் இரண்டு வரிசைதான் பாக்கி. பெரிய கடைக்காரரே ஆள் அனுப்பி ஒன்று வாங்கிப் பார்த்தார். கடை பொங்கலைத் தாண்டிவிடும்.

பத்மியம்மா எங்கே, கடைப் பக்கமே காணோமே என்று கேட்டாள். வெளியூர் போயிருக்கிறாள் என்றேன். புதன்கிழமை போனவள், எட்டு நாள் நடை. இன்று நான்காவது நாள்.

டைரியைப் படித்துக் காட்டச் சொன்னாள். தொலைந்துவிட்டது என்றேன்.

"போம்மா. டைரியும் இல்ல, போட்டோவும் இல்ல. நீ நிஜமாவே பாங்காக் போனியா?"

"போனேன்."

"ஒரு போட்டோகூடவா எடுக்கல?"

"ஒண்ணு எடுத்தா பத்மி. கிளிப்பச்சைப் புடவையில. கண்ணு மூடாம, நல்லா சிரிச்ச மாதிரி விழுந்திருக்கு."

"அய்யோ, அதை அனுப்பச் சொல்லும்மா!"

"அனுப்பிட்டா" என்றேன்.